‘சும்மா பார்த்துக்கிட்டு இருங்க’

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் எங்களுக்கு ஒரு அரிசி மில் இருக்கிறது. அப்பா காலத்து மில். நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்து மூன்று வருடம் ஆகிறது. போன கார் பருவ அறுப்புக்கு முன்னால் கடன் வாங்கி, கேமராவால் நிறம் பார்த்துக் கருப்பு மணியைக் காற்றால் ஊதித் தள்ளும் கலர் சார்ட்டர் ஒன்று போட்டோம். அதற்கு முன் எட்டுப் பெண்கள் உட்கார்ந்து கல்லும் கருப்பு மணியும் பொறுக்கினார்கள். இப்போது இரண்டு பேர்தான். சார்ட்டரில் இருந்து வரும் அரிசி மூட்டை பிடிக்கிற இடத்துக்கு பெல்ட்டில் போகும்போது, ‘சும்மா பார்த்துக்கிட்டு இருங்க, ஏதாவது தப்பி வந்தா எடுத்துப் போடுங்க’ என்று சொல்லியிருக்கிறோம். எட்டு மணி நேர ஷிப்ட். போன மாதம் தென்காசி வியாபாரி ஒருவர், கருப்பரிசி கிடக்கிறது என்று 40 மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார். சிசிடிவியைப் போட்டுப் பார்த்தால் இரண்டு பேரும் பேசிக்கொண்டு இருக்கிறார்கள். மிஷின்காரர் வந்து பார்த்துவிட்டு மிஷினில் குறை இல்லை என்கிறார். அந்தப் பெண்களோ, மிஷின் நல்ல அரிசியைத்தான் கழிவில் தள்ளுகிறது என்கிறார்கள். அப்பா அவர்களை நிறுத்திவிடச் சொல்கிறார். அவர்களுக்கு நேராக இன்னொரு கேமரா வைக்கலாமா? இல்லை, ஆளே இல்லாமல் மிஷினை மட்டும் நம்பிவிடலாமா?

பதில்: தம்பி, மிஷின்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். அந்தப் பெண்கள் சொன்னதும் சரியாக இருக்கலாம். மூட்டையைத் திருப்பிய வியாபாரியும் பொய் சொல்லவில்லை. அப்பா சொல்வதை மட்டும் ஒரு மாதத்துக்குத் தள்ளி வையுங்கள்.

‘சும்மா பார்த்துக்கிட்டு இருங்க’ என்று எழுதியிருக்கிறீர்களே, மனுசக் கண்ணுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கொடுக்க முடியாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், குளிர்பானம் அடைக்கிற ஒரு தொழிற்சாலையில் தரப் பிரிவில் இருந்தேன். பேர் வேண்டாம். கழுவி வரும் காலி பாட்டில்கள் ஒரு வெளிச்சப் பலகைக்கு முன்னால் வரிசையாக ஓடும். எதிரே ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து, அழுக்கு பாட்டிலையும் வாய் உடைந்த பாட்டிலையும் எடுத்துப் போடவேண்டும். ஒருநாள், உள்ளே ஸ்ட்ரா கிடந்த பாட்டில் ஒன்று நிரப்பி மூடி கடை வரைக்கும் போய்விட்டது. அந்த ஷிப்டில் இருந்த பெரியவருக்கு மெமோ கொடுக்கச் சொல்லி எழுதியவன் நான்தான். அவர் சண்டை போடவில்லை. “ஒரு அரைமணி நீங்க இருங்க சார், நான் டீ குடிச்சிட்டு வாரேன்” என்றார். உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிடம் ஒரு பாட்டிலையும் விடாமல் பார்த்தேன். அப்புறம், பாட்டில்கள் நின்றுகொண்டு நான் நகர்கிற மாதிரி ஆகிவிட்டது, ரயிலில் ஜன்னலோரம் இருந்தால் பிளாட்பாரம் ஓடுமே அதுபோல. கண் திறந்திருந்தது, அவ்வளவுதான். பெரியவர் திரும்பி வந்து, “மூணு பாட்டில் வச்சிட்டுப் போனேன், எத்தனை எடுத்திய?” என்றார். நான் எடுத்தது ஒன்று. மெமோவைக் கிழித்துப் போட்டேன்.

இது எனக்கும் அவருக்கும் மட்டும் உள்ள குறை இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் ரேடார் திரைக்கு முன்னால் இருந்தவர்கள், நீர்மூழ்கிக் கப்பலின் அடையாளம் திரையில் தெரிந்தும் கவனிக்காமல் விட்டார்கள். உயிர் போகிற காரியம், பயிற்சி எடுத்த ஆட்கள். நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் இதைச் சோதிக்கக் கடிகாரம் மாதிரி ஒன்றைச் செய்தார். முள் ஒவ்வொரு அடியாக நகரும். எப்போதாவது ஒரு தடவை இரண்டு அடி சேர்த்துத் தாவும். தாவினால் பொத்தானை அழுத்தவேண்டும். 2 மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்ததில், முதல் அரைமணியிலேயே தவறவிடுவது கூடிவிட்டது. 1948இல் அதை வெளியிட்டார். உங்கள் மில்லில் 8 மணி நேரம் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

எட்டுப் பேர் இருந்தபோது நன்றாகத்தானே பொறுக்கினார்கள் என்று கேட்பீர்கள். எங்கள் ஆச்சி சொளகை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால், எதிர்வீட்டுச் சம்பந்தப் பேச்சில் இருந்து கோயில் கொடை வரைக்கும் வாய் ஓயாது. புடைத்து, கொழித்து, கல்லை ஒரு ஓரத்துக்கு ஒதுக்குவாள். விரல் தானாகப் போய் எடுக்கும். ஒரு கல் பல்லில் பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. கைக்குக் கை ஏதாவது அகப்பட்டுக்கொண்டே இருந்ததால் கண் விழித்திருந்தது. உங்கள் எட்டுப் பேரும் அப்போது பேசாமலா பொறுக்கினார்கள்? சிசிடிவியில் நீங்கள் பார்த்த பேச்சு, தூக்கம் வராமல் இருக்க அந்த இரண்டு பேர் கண்டுபிடித்த வழியாகக்கூட இருக்கலாம்.

மிஷின் வந்ததும் என்ன ஆயிற்று? கருப்பில் பெரும்பகுதியை அது எடுத்துவிட்டது. மிச்சம் வருவது எப்போதாவது ஒன்று. அரிதாக வருவதைக் கண் தவறவிடும் என்பதை ஜெரமி வுல்ஃப் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2005இல் காட்டினார்கள். விமான நிலையத்தில் பையை எக்ஸ்ரேயில் பார்ப்பார்களே, அதுபோன்ற படங்களில் ஒரு கருவியைத் தேடச் சொன்னார்கள். பாதிப் படங்களில் அது இருந்தபோது 7 சதவீதம் தவறவிட்டார்கள். 100 படத்துக்கு ஒன்றில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம் தவறிப்போனது. தேடிய ஆட்களும் அதே மாதிரி ஆட்கள், தேடிய பொருளும் அதே மாதிரிப் பொருள். ‘இருக்காது’ என்று மனசு முடிவு கட்டிவிட்டால் கண் சீக்கிரம் எழுந்துபோய்விடுகிறது. ஆக, மிஷின் நன்றாக வேலை செய்யச் செய்ய, அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் கண் மோசமாகும். லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1983இலேயே இதை எழுதிவிட்டார்: எளிதானதையெல்லாம் தானியங்கி எடுத்துக்கொண்டு, அதற்கு முடியாததை மட்டும் மனிதர் தலையில் விட்டுவிடுகிறது, கை வைத்துப் பழகும் வாய்ப்பையும் பறித்துவிடுகிறது.

சரி, கழிவில் நல்ல அரிசி போகிறது என்ற புகாருக்கு வருவோம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். எண்கள் என் கைச்சரக்கு, உங்கள் மில்லின் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 2 கிலோ அரிசியில் 1 லட்சம் மணி இருக்கும். அதில் 500 கருப்பு என்று வையுங்கள். மிஷின் 100க்கு 98ஐப் பிடிக்கிறது. 490 கழிவுக்குப் போனது, 10 தப்பியது. மிச்சம் இருக்கும் 99,500 நல்ல மணியில் 100க்கு ஒன்றை மட்டும் தவறாகத் தட்டிவிடுகிறது என்றால், 995 நல்ல மணி கழிவில் விழும். காற்று ஊதித் தட்டும்போது பக்கத்தில் போகிற மணியும் சேர்ந்து போகும் என்பது உங்களுக்கே தெரியும். இப்போது கழிவுச் சாக்கில் கையைவிட்டு அள்ளினால், மூன்று மணியில் இரண்டு நல்ல அரிசி. அந்தப் பெண்கள் பார்த்தது இதைத்தான். மிஷினில் குறை இல்லை என்று மிஷின்காரர் சொன்னதும் உண்மை. தப்பிய 10 மணி 2 கிலோவுக்கு. அப்படியானால் 26 கிலோ மூட்டைக்கு 130. தென்காசி வியாபாரியின் கண்ணில் பட்டது அந்த 130.

கழிவை இரண்டாம் தடவை ஓட்டி நல்லதை மீட்கிற பகுதி உங்கள் சார்ட்டரில் இருக்கிறதா, அது ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். மின்சாரச் செலவு என்று அதை நிறுத்தி வைத்திருக்கும் மில்களைப் பார்த்திருக்கிறேன்.

இதைவிட எனக்குச் சந்தேகம் தருவது அந்த சென்சிட்டிவிட்டி பட்டன். அதைக் கூட்டினால் கருப்பு நன்றாகப் பிடிபடும், நல்ல அரிசியும் கூடவே போகும். குறைத்தால் நல்லது மிஞ்சும், கருப்பும் மிஞ்சும். தப்பி வரும் கருப்பையும் வீணாகும் நல்ல அரிசியையும் ஒன்றாகக் குறைக்கிற இடம் அந்தத் திரையில் எங்கும் கிடையாது. அதற்கு கேமராவின் கண்ணாடியைத் துடைக்க வேண்டும், வெளிச்சம் சரியாக இருக்க வேண்டும், சரிவில் அரிசி ஒன்றன் மேல் ஒன்று விழாமல் விடவேண்டும். ஆனால் ஆபரேட்டர் நிலையை நினைத்துப் பாருங்கள். காலையில் அப்பா வந்து கழிவுச் சாக்கைப் பார்த்து, “கோழித் தீவனத்துக்கா நெல்லு வாங்குதோம்?” என்று சத்தம் போடுவார். ஆபரேட்டர் இரண்டு புள்ளி குறைப்பார். அடுத்த வாரம் வியாபாரி சத்தம் போடுவார், மூன்று புள்ளி கூட்டுவார். கடைசியாகத் திட்டியது யார் என்பதுதான் உங்கள் மில்லின் தர அளவு. மூட்டை திரும்பிய அந்த வாரத்தில் அளவு எத்தனையில் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். யாருக்கும் தெரியாது என்று பந்தயம் கட்டுகிறேன். ஒரு சிலேட்டை மிஷின் பக்கத்தில் மாட்டுங்கள்: என்ன நெல், பச்சரிசியா புழுங்கலா, அளவு எத்தனை, மாற்றியது யார், ஏன். அம்பை 16 ரக நெல்லை ஓட்டிய அளவில் ஒரு சன்ன ரகத்தை ஓட்டினால் மிஷினுக்கு என்ன தெரியும்? மழையில் நனைந்த கார் நெல்லும் காய்ந்து வந்த பிசானப் பருவ நெல்லும் ஒரே நிறத்தில் வருமா? இந்த வித்தியாசத்தைக் கையில் அள்ளியதும் சொல்லக்கூடியவர்கள் அந்த எட்டுப் பேர். ஆறு பேரை அனுப்பிவிட்டீர்கள். மீதி இரண்டு பேரும் இன்னும் ஒரு வருடம் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் மறந்துபோகும்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. மாடியில் தண்ணீர்த் தொட்டி. முன்பெல்லாம் மோட்டாரைப் போட்டுவிட்டு அம்மா அடுக்களையில் இருந்தே காது கொடுத்துக்கொண்டு இருப்பாள். தண்ணீர் விழும் சத்தம் கனத்ததும் “நெறஞ்சிட்டு, அணை” என்பாள். நான் என்னுடைய தொழில் பெருமையைக் காட்ட, தானாக நிறுத்துகிற ஆட்டோமேட்டிக் ஒன்றை மாட்டினேன். ஒன்றரை வருடம் நன்றாக ஓடியது. எங்கள் தெருவில் போர்த் தண்ணீர், உப்பு. சென்சார் கம்பியில் உப்புப் படிந்து படிந்து ஒருநாள் அது தொட்டி நிறைந்ததை உணரவில்லை. ராத்திரி முழுக்கத் தண்ணீர் தெருவில் ஓடியது. அம்மா வீட்டில்தான் இருந்தாள், சத்தமும் கேட்டதாம். “அதான் மிஷின் இருக்கே, அது பாத்துக்கிடும்னு இருந்தேன்” என்றாள். அவள்மேல் தப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கம்பியைத் துடைக்கவேண்டும் என்று அவளிடம் நான் சொல்லவே இல்லை. கடைகளில் பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டி வந்தபிறகு யார் செல்போனைத் திறந்து பார்க்கிறார்கள்? அதுவும் இதே சங்கதிதான்.

உங்கள் சார்ட்டருக்கு உப்பு என்பது தவிட்டுத் தூசி. கேமராவுக்கு முன்னால் உள்ள கண்ணாடியில் அது மெல்லப் படியும். காலையில் நன்றாகப் பார்த்த மிஷின் மத்தியானம் மங்கலாகப் பார்க்கும், ஆனால் திரையில் எல்லாம் பச்சையாகவே இருக்கும். கம்ப்ரஸரில் காற்றழுத்தம் இறங்கினாலும் அப்படித்தான், கருப்பைக் கண்டுபிடிக்கும், தட்டத்தான் வலு இருக்காது. அழுத்தம் குறைந்தால் அரிசி விழுவதே நிற்கும்படி வைக்க முடியுமா என்று மிஷின்காரரிடம் கேளுங்கள். ஜப்பானில் டொயோடா சகிச்சி செய்த தறி, நூல் அறுந்ததும் தானே நின்றுவிடும். பிற்பாடு டொயோட்டா கார் தொழிற்சாலையில் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தலாம் என்று வந்ததற்கு அதுதான் வித்து. மிஷினில் கோளாறு வந்தால் கத்துகிற பஸ்ஸர் என்ன நிலையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. போய்ப் பாருங்கள். துணி அடைத்திருந்தாலோ வயரைப் பிடுங்கியிருந்தாலோ ஆச்சரியப்படாதீர்கள், ஆபரேட்டரைத் திட்டவும் செய்யாதீர்கள். நாளைக்கு முப்பது தடவை ஒன்றும் இல்லாததுக்குக் கத்தினால், ‘புலி வருது’ கதையாகத்தான் முடியும். எந்த இரண்டு காரியத்துக்கு அது கட்டாயம் கத்தவேண்டும் என்று அவரோடு உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு, மற்றதைத் திரையில் மட்டும் காட்டச் சொல்லுங்கள்.

இனி அந்த இரண்டு பெண்கள். ஓடுகிற பெல்ட்டைப் பார்க்கும் வேலையை நாளைக்கே நிறுத்துங்கள். நகரும் அரிசியில் ஒரு கருப்பு மணியைக் கண் பின்தொடர்ந்து, கை எட்டி எடுப்பதெல்லாம் கதை. அதற்குப் பதில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை, மூட்டை பிடிக்கிற இடத்தில் 200 கிராம் அள்ளி, ஒரு நீலத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பிப் பார்க்கட்டும். நீலத்தில் கருப்பும் தெரியும், சுண்ணாம்பு மாதிரி வெளுத்த மணியும் தெரியும். தட்டுக்கு மேலே ஒரு டியூப் லைட், முதுகு சாய நாற்காலி. மேலே போட்ட கணக்குப்படி ஒரு தட்டில் சராசரியாக ஒரு கருப்பு வரும். சிலதில் இருக்காது, சிலதில் இரண்டு. நாலு வந்தால் உடனே இன்னொரு தட்டு எடுக்கவேண்டும். அதிலும் நாலு வந்தால் மிஷினை நிறுத்தவேண்டும். நிறுத்தும் பட்டன் அவர்கள் கைக்கு எட்டவேண்டும், அப்பாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்ற பேச்சு கூடாது. ஒவ்வொரு நடையிலும் ஒருவர் தட்டையும் இன்னொருவர் கழிவுச் சாக்கையும் பார்க்கட்டும். மாற்றி மாற்றிச் செய்தால் கண் பூத்துப் போகாது. கண்ணாடி துடைப்பதும் சிலேட்டில் எழுதுவதும் அவர்கள் பொறுப்பிலேயே இருக்கட்டும். கூலியையும் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள், இது பொறுக்குகிற வேலையைவிடப் பெரிய வேலை.

அவர்களுக்கு வயது நாற்பதுக்கு மேலா? அப்படியானால் முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். வெள்ளெழுத்து விழுந்த கண்ணால் கருப்பரிசியைத் தேடச் சொல்லிவிட்டு, கவனம் போதாது என்று சொல்லும் இடங்கள் நம் ஊரில் ஏராளம். வெள்ளெழுத்துக் கண்ணாடி 40 மூட்டை அரிசியைவிட மலிவு.

வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு சோதனை வையுங்கள். 20 கருப்பு மணியை எண்ணி, சுத்தமான 1 கிலோவில் கலந்து மிஷினில் விடுங்கள், எத்தனை கழிவுக்கு வந்தது என்று எண்ணுங்கள். அதேபோல ஒரு தட்டில் மூன்று மணியைப் போட்டு வையுங்கள். விமான நிலையத்து எக்ஸ்ரே திரையில் இல்லாத துப்பாக்கியின் படத்தை இடையிடையே நுழைத்து, பார்க்கிறவர் கண்ணை விழிப்பாக வைக்கிறார்கள், அதே யோசனைதான். தவறவிட்டால் அபராதம் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். வைத்தீர்களோ, சோதனை மணியைத் தேடப் பழகிக்கொள்வார்கள், அரிசியைப் பார்க்க மாட்டார்கள். அப்பாவையும் ஒருநாள் தட்டுக்கு முன்னால் உட்கார வையுங்கள். நீங்களும்தான்.

கேமரா விஷயம். தலைக்கு மேல் கேமரா வைத்தால் அவர்கள் கழுத்து அசையாமல் இருக்கும், அவ்வளவுதான் அதனால் வரும் லாபம். நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய் தீவுகளில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்று 24,000 அடி உயரத்தில் போகும்போது, முன்பக்கக் கூரை பிய்த்துக்கொண்டு போய்விட்டது. விமானப் பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு உயிரிழந்தார். விமானிகள் எப்படியோ கொண்டுவந்து மவுயி தீவில் இறக்கினார்கள். விமானத்தின் உடலில் அங்கங்கே ஒட்டு விட்டு, விரிசல் ஓடியிருந்ததைப் பராமரிப்புச் சோதனைகள் பிடிக்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. ஆனால் ஏறும்போதே ஒரு பயணி கதவுப் பக்கத்தில் விரிசலைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. ‘இவ்வளவு பெரிய ஆட்களுக்குத் தெரியாமலா இருக்கும்’ என்று நினைத்திருப்பார் என்பது என் ஊகம்.

உங்களிடம் அந்த இரண்டு பெண்கள் ஏற்கெனவே ஒன்றைச் சொல்லிவிட்டார்கள்: நல்ல அரிசி கழிவுக்குப் போகிறது என்று. அதைச் சாக்குப்போக்கு என்று எடுத்துக்கொண்டீர்கள். தலைக்கு மேல் கேமராவும் வந்துவிட்டால் அடுத்த தடவை எதைப் பார்த்தாலும் வாய் திறக்க மாட்டார்கள். இருக்கிற சிசிடிவியையும் மிஷினின் திரைப் பக்கம் திருப்பி வையுங்கள், அளவை எப்போது யார் மாற்றினார்கள் என்பதாவது பதியும்.

ஆளே இல்லாமல் விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அழுத்தம் குறைந்தால் தானே நிற்கவும், கண்ணாடி மங்கினால் தானே சொல்லவும், ரகம் மாறினால் தானே அறியவும் உங்கள் மிஷினுக்குத் தெரியுமானால் விடலாம். தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு மாதத்துச் சிலேட்டுக் கணக்கை நோட்டில் ஏற்றி வையுங்கள். கழிவில் இருந்து 1 கிலோ, மூட்டையில் இருந்து 1 கிலோ, தேதி எழுதி வாரம் ஒரு பொட்டலம் தனியாகக் கட்டி வையுங்கள். பிசான அறுப்புக்கு அம்பைக்கு வருவேன், அப்போது பிரித்துப் பார்க்கலாம். போன ஆறு பேரில் யாராவது பக்கத்தில் இருந்தால் அன்றைக்கு ஒருத்தரையாவது வரச் சொல்லுங்கள்.